கொண்டையோடு அளந்த உயரம்

2025 ஓகஸ்ட் 14, வியாழன். தை மாதம் எழுதியதில் ஒரு பிழை. நாவற்குடா புஸ்பம் அக்காவின் உயரத்தைக் கொண்டையோடு சேர்த்து அளந்துவிட்டேன். சரியான உயரம் நூற்றைம்பத்தைந்து சென்ரிமீற்றர். எழுதியது நூற்று அறுபத்திரண்டு. கிளினிக்கில் அளவெடுக்கும் எங்களுக்கு மாலை வகுப்பில் முதல் நாளே சொல்லித் தந்தது செருப்பையும் கொண்டையையும் பற்றித்தான். பிழையைத் திருத்துவதற்கு, அளந்த மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனபோது, திருத்த ஒன்றும் இருக்கவில்லை. முடியை விரித்துப் போட்டு வெறுங்காலோடு நின்ற புஸ்பம் சரியாக நூற்று அறுபத்திரண்டு இருந்தார். இரவில் வளர்ந்திருந்தார். அளவு நாடாதான் சுருங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு அவர்கள் வீட்டுக் கதவையும் அளந்து பார்த்தேன். கதவு கதவளவுதான் இருந்தது.

புஸ்பம் கணவர் சாமித்தம்பியோடு வாவியில் இறால் பிடித்தவர். வலது முழங்கால் தேய்ந்து தோணியில் ஏற இறங்க முடியாமல் போனதிலிருந்து கரையில் இருந்தார். கரை அவருக்குப் பிடிக்கவில்லை. முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை வேண்டும். ஆனால் எடையை உயரத்தால் இரண்டு தரம் வகுத்து வரும் எண் இருபத்து மூன்றுக்குக் கீழே இறங்கினால்தான் நாள் குறிக்கலாம் என்று டொக்டர் இர்ஷானா சொல்லியிருந்தார். புஸ்பம் எண்பத்திரண்டு கிலோ. சோற்றைப் பாதியாக்கினார், சீனியை விட்டார், தயிரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எடை அசையவில்லை. அந்த எண் எப்படி வருகிறது என்று கேட்டபோது கணக்கை எழுதிக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"மேல இரிக்கிறது குறையாட்டி, கீழ இரிக்கிறதக் கூட்டினா சரிதானே மகள்?"

கணக்குப்படி சரி. ஓம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு புஸ்பம் ஒழுங்காக வளர்ந்தார். மாசியில் பச்சை மிளகாய் ஏறியது, தேங்காய் ஏறியது, புஸ்பமும் நான்கு விரல் ஏறினார். பங்குனியில் வேலிக்கு மேலே தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சுலோஜனா தன் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார்: "புஸ்பக்கா, எண்ட சட்டிக்குள்ள எட்டிப் பாக்காதீங்க!" "நான் பாக்கல்லகா, தானாத் தெரியுது. உப்புக் காணா" என்று மேலிருந்து பதில் வந்தது. சுலோஜனா சுவைத்துப் பார்த்தார். உப்புக் காணாமல்தான் இருந்தது. சட்டைகள் முழங்காலுக்கு ஏறியதும் புஸ்பம் காத்தான்குடிக்குப் போய்த் தையல்கார சரீபிடம் விஷயத்தைச் சொன்னார். சரீபுக்கு அது புதினமாகப் படவில்லை. "வளந்து முடிஞ்சுதா, இன்னும் மிச்சம் இரிக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடுப்புக்கு விடுவதுபோல் கீழே அகலமாக மடிப்பு விட்டுத் தைத்துக் கொடுத்தார்.

சித்திரை முடிவில் உயரம் நூற்று எண்பத்தொன்பது. எடை அதே எண்பத்திரண்டு. எண் இருபத்து மூன்றுக்கு மயிரிழை கீழே வந்தது. டொக்டர் இர்ஷானா தானும் ஒரு தரம் வகுத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மேசை லாச்சியிலிருந்து நாடாவை எடுத்து புஸ்பத்தின் இடுப்பைச் சுற்றினார். நூற்றிரண்டு.

"எண் சரி அக்கா. ஆனா அந்த நிறையில கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு எண்டு எண்ணுக்குத் தெரியாது. இடுப்பு, உயரத்துல பாதிக்குள்ள நிக்க வேணும்."

"இத முதல்லயே சொல்லியிரிக்கலாமே!"

"முதல்ல நீங்க வளருவீங்க எண்டு எனக்குத் தெரியாதே."

புஸ்பத்துக்குக் கோபம் வந்தது. அந்த இடுப்புக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். இருநூற்று நான்கு என்றேன். இதையும் வளர்ந்தே முடிக்கிறேன் என்று சொல்லி அவர் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு வெளியேறினார். தை மாதத்திலிருந்து இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத சாமித்தம்பி, வெளியில் காத்து நின்றவர், அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"போதும் புள்ள. இதுக்கு மேல வளந்தா நம்மட தோணி கவுழும்."

தோணிக்காகத்தான் இவ்வளவும். அன்றிரவே வளர்ச்சி நின்றுவிட்டது. மறுநாள் காலை சாமித்தம்பி வலையை ஏற்றும்போது புஸ்பமும் கூடப் போனார். தோணியில் ஏறவில்லை. வாவிக்குள் இறங்கினார். நமது வாவி பல இடங்களில் ஆழமில்லாதது. மற்றவர்களுக்குக் கழுத்துவரை வரும் தண்ணீர் அவருக்கு நெஞ்சளவில் நின்றது. தண்ணீர் அவர் பாரத்தை வாங்கிக்கொண்டதால் முழங்கால் நோகவில்லை. தோணிக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு சேற்றில் கால் வைத்து இழுத்தார். சாமித்தம்பி துடுப்புப் போடும் சவளை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டார். மூன்று மாதம் தினமும் இப்படியே நடந்தது. காற்று எதிரே அடிக்கும் நாட்களில் மற்றத் தோணிக்காரரும் பின்னால் வந்து கயிறு கொளுவிக்கொண்டார்கள். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குப் போனபோது, தொலைந்த பிள்ளைகளை ஒலிபெருக்கியில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு புஸ்பத்திடம் கேட்டார்கள். அவர் தலையைத் திருப்பி, "கச்சான் கடைக்குப் பின்னால நிக்கிறான்" என்பார். நிற்பான்.

இன்று கிளினிக்கில் மீண்டும் அளந்தோம். கொண்டையை அவிழ்க்கச் சொன்னேன். உயரம் மாறவில்லை. எடையும் எண்பத்திரண்டுதான், ஆனால் தோளும் தொடையும் இறுகி, இடுப்பு தொண்ணூற்று நான்குக்கு இறங்கியிருந்தது. பாதிக்குள் வந்துவிட்டது. டொக்டர் இர்ஷானா சந்தோஷமாக நாட்காட்டியைப் புரட்டி, வருகிற மாதமே சத்திரசிகிச்சைக்கு நாள் தந்தார்.

"இப்ப ஏலா டொக்டர். இறால் நல்லாப் படுகுது" என்றார் புஸ்பம். "மாரிக்கு வாவி பெருகி, எனக்கே நிலைக்காது. மறுகா வாறன்."

சாமித்தம்பியைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். அவர் நாற்பத்தாறு கிலோ. உயரத்துக்கு அது மிகவும் குறைவு, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டொக்டர் போன வாரம் சொன்னார். இந்த வயதில் இனித் தின்று ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டு, அந்தக் கணக்கை அவரும் என்னிடம் கேட்டு வாங்கி, கீழே இருக்கிற உயரத்தையே பார்த்தார். இன்று கிளினிக்கிலிருந்து திரும்பும்போது அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நிலத்தில் இழுபட்டது. புஸ்பம் வெகு தூரம் குனிந்து, அதை இரண்டு மடிப்பு மடித்துக் கட்டிவிட்டார். இருவரும் தோணியடிக்குப் போனார்கள்.

நாளைய வேலை: சாமித்தம்பியின் உயரம் அளப்பது. செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும்.