வலப்பக்கத்துத் துடிப்பு

அந்தப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ஸ்டெதஸ்கோப். பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அது கடைசி மேசைக்கு வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். அதனால் போன வருஷத்து அக்காமார்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, ‘இதயத் துடிப்பு மார்பின் இடப்பக்கம் தெளிவாகக் கேட்டது’ என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவது வழக்கம். டீச்சரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். நல்ல படிப்பு!

வாயாடி என்று பேரெடுத்தவள் மட்டும் காத்திருந்து குழாயை வாங்கிக் காதில் மாட்டினாள். இடப்பக்கம், பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி லேசாகத்தான் கேட்டது. வலப்பக்கம் வைத்தாள். லப்டப், லப்டப் என்று காதைப் பிளந்தது. தோழியின் காதிலும் மாட்டிவிட்டாள்.

“ஆமாடி, இந்தப் பக்கம்தான்!” என்றாள் தோழி.

வாயாடி கேட்டதை அப்படியே எழுதினாள். மறுநாள் அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு.

“வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தி எழுது. இல்லன்னா கையெழுத்து கிடையாது” என்றார் டீச்சர். கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். ஒரு வருஷப் படிப்பு பாழ்.

சலவைக்கடையில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போட்டுவிட்டு வந்த அம்மாவுக்கு இதைக் கேட்கப் பொறுமை இல்லை.

“ஒரு வார்த்தைதானேடி, மாத்தி எழுதித் தொலையேன்.”

“கை வச்சுப் பாரும்மா.”

வைத்தாள். கை வலப்பக்கத்திலேயே நின்றுவிட்டது. “ஏதாவது கோளாறா கண்ணு?”

அந்தப் பயம் மகளுக்கும் இரண்டு நாளாக இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிது. தன் உடம்புக்குள் துடிப்பதை, தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒருத்தர் கோடு போட்டு அடித்துவிட்டாரே!

வெள்ளிக்கிழமை நோட்டை நீட்டினாள், ஓர் எழுத்துகூட மாறாமல்.

“திருத்தலையா? புத்தகத்துல என்ன போட்டிருக்கு?”

“புத்தகத்துல என்னைப் பத்தி ஒண்ணும் போடலை, டீச்சர்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரின் முகம் சிவந்தது. “அப்ப டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வா.”

“வரேன். இவங்க முப்பது பேரும் இடப்பக்கம்தான்னு லெட்டர் கொண்டு வரட்டும். இவங்கள்ல ஒருத்தியாவது தன் நெஞ்சைக் கேட்டுட்டு எழுதினாளான்னு கேளுங்க.”

சிரிப்பு சட்டென்று அடங்கியது. தோழிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் எழுந்துபோய் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவந்து, இடப்பக்கம் வைத்தார், வலப்பக்கம் வைத்தார், அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

“சிலருக்கு இப்படி அமையறதுண்டு” என்றார் மெதுவாக. “பயப்படாதே. அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடு. நான்தான் கேட்காம அடிச்சுட்டேன்.”

சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தோடு விடவில்லை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு அடுக்கியிருந்த மற்ற முப்பது நோட்டுகளையும் இழுத்து, ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தைத் தானே அடித்தார்.

“எல்லாரும் வரிசையா வாங்க. கேட்டுட்டு எழுதுங்க.”

முப்பது பேரும் வாயாடியை முறைத்தார்கள். அவளும் தலையைக் குனியாமல் திருப்பி முறைத்தாள்.