விதானத்துப் பூவின் காது

அண்ணன் காலையிலிருந்தே ரொம்ப நல்லவனாக நடந்துகொண்டான். அதனாலேயே தங்கை அவனை நம்பவில்லை.

"நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அதிக நேரம் ஆகாது. கையெழுத்தைப் போட்டுட்டு உடனே வந்துடலாம்" என்றான். போகிற போக்கில் "சாப்பிட்டியா?" என்று வேறு கேட்டான். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறான்! வாயில் சர்க்கரை தடவிக்கொண்டு வந்திருக்கிறானே, உள்ளே என்ன வைத்திருக்கிறானோ?

மாளிகை இருவர் பேரிலும் இருந்தது. அண்ணன் அதை ஓட்டல் கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்கு விடப்போகிறான். தங்கை கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கலைக்கூட அசைக்க முடியாது. புருஷன் போனபிறகு அவள் வந்து ஒண்டியது மாளிகையின் மேற்குப் பகுதியான மேற்குக்கட்டில், மாடியில் அம்மா இருந்த அறையில். அதை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பத்திரத்திலோ மேற்குக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டதற்கு, "அதை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான். கையெழுத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்க அவள் என்ன பைத்தியமா?

போதாக்குறைக்கு அம்மா கண்ணை மூடும்போது அவள் கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தை வேறு இருந்தது: "அண்ணன்கிட்ட ஜாக்கிரதையா இரு." பெற்றவளே சொன்னபிறகு அப்பீல் ஏது?

அந்த மாளிகையே சந்தேகத்தில் கட்டியதுதான். அரசனிடம் பட்டம் வாங்கிய கொள்ளுத்தாத்தா, ஊரே வாயைப் பிளக்கும்படி நடுக்கூடத்தை எழுப்பினார். கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், குடை கவிழ்த்தது போல விதானம், அதன் நடுவில் சுண்ணாம்பில் செய்த பெரிய பூ. வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பூவை அண்ணாந்து பார்த்து ஆகா ஓகோ என்றார்கள். பூவின் நடுவில் ஓட்டை இருந்ததும், ஓட்டையிலிருந்து மண்குழல் ஒன்று மேலே இருந்த பொந்து போன்ற அறைக்குப் போனதும் அவர்களுக்குத் தெரியாது. தான் எழுந்துபோனதும் விருந்தாளிகள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்காகக் கிழவர் செய்த ஏற்பாடு அது.

கிழவரின் மனைவி லேசுப்பட்டவளா? கண்டுபிடித்துவிட்டாள். கிழவர் விருந்தாளிகளை ஒட்டுக்கேட்டார்; அவள் கிழவரை ஒட்டுக்கேட்டாள். அவர் காலமானதும் பொந்தின் வாசலை மறைத்துப் பெரிய அலமாரியை நிறுத்தினாள். அலமாரியின் பின்பலகைதான் கதவு. "அதை அன்னைக்கே பூசி மூடியாச்சு" என்று ஆண்பிள்ளைகளிடம் கூசாமல் பொய் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அம்மாக்கள் பெண்களுக்கு மட்டும்தான் அந்த இடத்தைக் காட்டினார்கள். கூடவே ஒரு கண்டிஷன்: உள்ளே போனால் மூச்சுவிடக் கூடாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை.

மத்தியானம் ஓட்டல் கம்பெனியின் இன்ஜினியர் டேப்பும் கையுமாக வந்து இறங்கினார். அண்ணன் அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போனான். இவள் தலைவலி என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெரிய அலமாரியில் இன்னமும் தொங்கிய அம்மாவின் துணிகளை விலக்கி, பொந்துக்குள் போய்க் குந்திக்கொண்டாள்.

கீழே பேசியது காதுக்குள் வந்து பேசுவது போலக் கேட்டது.

"மேற்குப் பக்கம் என்ன சார் பண்ணலாம்? அங்க ஆள் இருக்காங்க போலிருக்கே" என்றார் இன்ஜினியர்.

"அதை மொத்தமா அடைச்சிடுங்க. கூடத்துலேருந்து அந்தப் பக்கம் ஒரு கதவு, ஒரு ஜன்னல் இருக்கக் கூடாது."

"தங்கச்சி ஒத்துக்குவாங்களா?"

"அவகிட்ட இப்ப மூச்சு விடாதீங்க. நாளைக்குக் கையெழுத்து முடியட்டும்."

அப்படியா சேதி! உயிரோடு சமாதி கட்டப் பார்க்கிறானா? அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து பலித்துவிட்டதே! இன்ஜினியர் விடைபெற்றுப் போனதும், கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு அண்ணன் தனியாகத் திரும்பி நடந்துவரும் சத்தம் கேட்டது. அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அடப்பாவி! ஏண்டா இப்படிப் பண்றே?"

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணனை 'டா' போட்டு அவள் பேசியதே இல்லை. கீழே காலடி நின்றுவிட்டது. கேட்கிற குழல் பேசவும் செய்யும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா?" என்றான் அண்ணன்.

அந்த வீட்டில் அவனை 'டா' என்று கூப்பிட்டது அம்மா ஒருத்திதான். குரலும் அம்மாவின் குரல் என்று ஊரே சொல்லும். அவன் குரல் சின்னப் பிள்ளையுடையது போல நடுங்கியது.

"நான் ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா. ஓட்டலுக்கு வர்ற கண்டவன் காலும் அவ பக்கம் படக் கூடாதுன்னுதான் அடைக்கச் சொன்னேன். அவளுக்குத் தனி வாசல் வைக்கறேன். மேற்குக்கட்டை அவ பேருக்கே எழுதிடுவேன். இப்பவே சொன்னா, இதுல என்ன உள்குத்துன்னு கேப்பா. அவளைத் தெரியாதா உனக்கு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீதானேம்மா போறப்ப சொன்னே, தங்கச்சிகிட்ட ஜாக்கிரதையா இருன்னு? அன்னையிலேருந்து அவ காபி கொடுத்தாக்கூட எதுக்குக் கொடுக்கறான்னு யோசிச்சுத்தான் குடிக்கறேன். அவ என்னம்மா பண்ணினா எனக்கு? என்னால முடியலம்மா. போதும்."

இருவர் கையையும் பிடித்து ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் பெற்றவள்! இந்தப் பொந்தில் குந்திக் குந்தி, யாரையுமே நம்பாமல் போய்விட்டாள் போலிருக்கிறது. அம்மா மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எல்லாவற்றையும்விடத் தன்மேல்தான் வெட்கமாக இருந்தது. குழலில் வாயை வைத்தாள்.

"அண்ணே, அம்மா இல்ல. நான்தான்."

கீழே அவன் காலடி கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"எங்கேருந்துடி பேசறே?"

அந்த வீட்டுப் பெண் எவளும் எந்த ஆம்பிளையிடமும் சொல்லாததை அவள் சொன்னாள். "அம்மா ரூமுக்கு வா. பெரிய அலமாரியைத் திறந்து துணியை ஒதுக்கு. பின்பலகையைத் தள்ளு."

மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அலமாரி திறந்தது. பலகை இறுகியிருந்ததால் இவள் உள்ளேயிருந்து இழுக்க வேண்டியிருந்தது. அம்மாவின் துணிகளுக்கு நடுவிலிருந்து அண்ணனின் நரைத்த தலை உள்ளே நீண்டது. பொந்தையும் குழலையும், முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுத தங்கையையும் அவன் மாறிமாறிப் பார்த்தான்.

"இதுக்குள்ளயாடி அம்மா உட்கார்ந்திருந்தா?"

"ஆமாண்ணே" என்றாள் அவள். "நாம பேசறதையெல்லாம் கேட்டுக்கிட்டு."