பம்பும் பக்கத்துச் சொற்களும்

செம்பூர் சாயத் தொழிற்சாலையின் நூலக அறை எவ்வளவு பெரிது என்றால், உள்ளே ஒருவர் தும்முவதற்கு இன்னொருவர் வெளியே வந்து நிற்கவேண்டும். அறுபத்தாறில் அந்த அறையையும் பறித்துப் பெயிண்ட் டப்பா அடுக்க, மேனேஜர் வானமாமலை டேப்போடு வந்து அளந்துகொண்டிருந்தார்.

"தண்ணிப் பம்பு ஏன் கத்தறதுன்னு சாயந்தரச் சங்குக்குள்ள உன் கார்டெல்லாம் சொல்லணும். இல்லேன்னா இந்த ரூமும் கிடையாது, உன் வேலையும் கிடையாது."

நூலகர் சண்முகவடிவு கார்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டாள். மாட்டுங்கா வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

பெட்டியில் ஒவ்வொரு தொழில்நுட்ப அறிக்கைக்கும் ஒரு கார்டு. கார்டின் தலையில் அதன் முக்கியச் சொற்கள். 'பம்பு, சத்தம்' என்று தேடினாள். ஒன்றுமில்லை. ஒட்டிய சொற்களைச் சேர்த்தாள்: அதிர்வு, தேய்மானம், பேரிங், எண்ணெய். வந்தன பாருங்கள் அறிக்கைகள். மேசை நிறைந்து, ஜன்னல் மறைந்து, விட்டிருந்தால் கோவண்டி வரைக்கும் போயிருக்கும்.

ஃபோர்மேன் நெல்லையப்பன் எட்டிப் பார்த்தார். "தாயி, இதை வாசிச்சு முடிக்கதுக்குள்ள பம்பு ரிட்டையராயிரும்."

"எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. நம்ம பம்பு மாதிரியே கத்துறது எதுன்னு மட்டும் பொறுக்குங்க."

"நம்மது கூழாங்கல்ல உருட்டுன மாதிரில்லா கத்துது." புரட்டினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார். வானமாமலையின் டேப் அவள் நாற்காலிக்கு அடியில் நுழைந்தது.

"காலைச் சித்தே தூக்கிக்கோ."

தூக்கிக்கொண்டாள்.

இரண்டை மட்டும் நெல்லையப்பன் கையில் வைத்துக்கொண்டார். "இது ரெண்டும் நம்ம பம்புக்குச் சொந்தக்காரப் பயலுவ மாதிரி இருக்கு."

அந்த இரண்டின் கார்டுகளையும் உருவினாள். அவள் நினைத்தே பார்க்காத சொற்கள் இரண்டு தலையிலும் இருந்தன: குமிழி, உறிஞ்சுகுழாய். எண்ணெயையும் பேரிங்கையும் விட்டுவிட்டு, பம்போடு இந்த இரண்டையும் சேர்த்து மறுபடி தேடினாள்.

அந்த இரண்டைத் தவிர ஒரே ஒரு புது அறிக்கை வந்தது. உறிஞ்சுகுழாயின் வடிகட்டி அடைத்துக்கொண்டால் தண்ணீரில் குமிழிகள் கிளம்பி வெடித்து, கல் உருள்வதுபோல் சத்தம் வருமாம்.

நெல்லையப்பன் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சற்று நேரத்தில் பம்பு நின்றது. அளக்க இன்னும் ஒரு சுவர்தான் பாக்கி. சண்முகவடிவு தூக்கிய காலை இறக்கவே இல்லை.

பம்பு மறுபடி ஓடியது, பால் குடித்த பூனையாட்டம். பின்னாலேயே சங்கும் ஊதியது.

நெல்லையப்பன் சொட்டச்சொட்ட வந்தார். "வடிகட்டியில கோணிச்சாக்கு, சார். பிச்சுப்பிச்சு எடுத்ததுல தாராவிக்கே கூடாரம் போடலாம்."

வானமாமலை டேப்பைச் சுருட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, மூட்டைப்பூச்சிக்கு உன் பெட்டியில ஏதாவது இருக்கோ?"

சண்முகவடிவு காலை இறக்கி, பென்சிலை எடுத்தாள்.

"கட்டில்லயா சார், சுவத்துலயா?"