இரண்டாவது பூச்சுக்கு முன்

டனிஸ்ரனை நான் நம்பினேன். இப்போது அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இருபது வருடச் சிநேகிதம். என் மகள் கயலுக்கு சைக்கிள் ஓடப் பழக்கியவனே அவன்தான்.

கயலுக்கு ட்ரோய்-ரிவியேர் நகரத்தில் தாதி வேலை கிடைத்தது. திங்கட்கிழமை தொடங்க வேண்டும். நெடுஞ்சாலையில் போய்வர ஒரு பழைய கார் வாங்கினோம். மொன்ட்ரியால் வீதிகளில் பனி உருகக் கொட்டும் உப்பு எந்தக் காரைத்தான் விட்டுவைத்தது? கதவுகளுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டம் கறள் பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. பக்கத்தால் ஒருவன் வந்து இடித்தால் பிள்ளையைக் காப்பாற்றுவது அந்தச் சட்டம்தான். டனிஸ்ரன் தன் கராஜில் கறளை வெட்டியெறிந்து, புது இரும்பு வைத்து வெல்ட் பண்ணிவிட்டதாகச் சொன்னான். பெயின்ற் வேலை என்னுடையது.

தட்டிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. சிநேகிதன் செய்த வேலையை அவன் முன்னாலேயே சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து சோற்றை மணந்து பார்ப்பதற்குச் சமம். எங்கள் ஆட்களுக்கு அது வராது.

லாசாலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் வைத்து, பெயின்றுக்கு அடியில் போடும் பிரைமரைக் கையால் பூசினேன். ஸ்பிரே அடிக்க வழியில்லை. மேல்வீட்டு றோசலின் கைக்குழந்தையோடு இருக்கிறாள், மணம் நேரே அவளிடம்தான் போகும். பரப்பான இடத்துக்குச் சின்ன உருளை, மூலை முடுக்குக்குத் தூரிகை. மெல்லிசாக ஒரு பூச்சு. ஹீற்றர் போட்டுக் காயவிட்டு, இரவு அணைத்துவிட்டுப் படுத்தேன்.

வெள்ளி காலை, இரண்டாவது பூச்சுக்கு முன் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மேடு பள்ளம் இருக்கிறதா என்று வெறுங்கையால் தடவினேன். பங்குனிக் குளிரில் இரும்பு உள்ளங்கையைக் கடித்தது. பின்கதவுக்குக் கீழே வந்ததும் கடிக்கவில்லை. இரண்டு சாண் நீளத்துக்கு அந்த இடம் குளிரவேயில்லை. ஸ்பிரே அடித்திருந்தால் சமமாகப் படிந்திருக்கும், என் கை அங்கே பட்டிருக்கவே மாட்டாது.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றி வந்து வைத்தேன். கீழே விழுந்தது. திருகாணி முடுக்கியால் குத்தினேன். பிடிவரை உள்ளே போய்விட்டது. இரும்பும் இல்லை, வெல்டும் இல்லை. ஓட்டையில் கண்ணாடியிழை வலையைத் திணித்து, மேலே பட்டி பூசி மூடியிருந்தான். அதற்கு நான் அழகாகப் பிரைமர் பூசியிருக்கிறேன்.

பெயர்த்தெடுத்த பட்டித் துண்டோடு அவனுடைய கராஜுக்குப் போய், அதை மேசையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"இது என்ர பிள்ளை ஓடப்போற கார் எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"பிறகேன் இப்பிடிச் செய்தனி?"

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "உனக்கெண்டு வேற மாதிரி ஒண்டும் செய்யேல்லை மச்சான். எல்லாருக்கும் செய்யிற மாதிரித்தான் செய்தனான்."

சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் அதைச் சொன்னான். அந்த எல்லாரிலும் பாதிப் பேரை அனுப்பியவன் நான். கோயிலிலோ கலியாண வீட்டிலோ கறள் என்று யார் வாய் திறந்தாலும், முந்திக்கொண்டு இவனுடைய நம்பரைக் கொடுத்தவன் நான்.

வெளியே வந்து, மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் புஷ்பராணி அக்காவுக்கு முதலில் அழைத்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் புறப்படுகிறாராம், பேந்து கதைக்கலாம் என்றார்.

"பிள்ளையளை இறக்குங்கோ அக்கா. அந்தக் காரை எடுக்காதேங்கோ. டனிஸ்ரன் அதில இரும்பு வைக்கேல்லை."

பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடிப்பது கேட்டது.

"நீங்கள் சொல்லித்தானே தம்பி அவரிட்டக் குடுத்தனான்," என்றார்.