இரண்டு பந்தும் ஒரு சுருள்வில்லும்

வீட்டில் அக்காவுக்கு ஸ்பானர் என்று பெயர், தங்கைக்குக் கணக்குப்புலி. இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகத்தில்தான் வேலை பார்த்தார்கள். தங்கை மாடியில் உட்கார்ந்து மூலக்கூறுகளைக் கணினியில் உடைத்தாள். அக்கா கீழ்த்தளத்தில் அதையே லேசர் வைத்து நிஜமாக உடைக்கப் பார்த்தாள்.

தங்கையின் கணக்கில் ஹைட்ரஜன் ஒரு பந்து, ஃப்ளோரின் ஒரு பந்து, நடுவே ஒரு சுருள்வில். பழைய நியூட்டன் விதிகளே போதும். வில் நீள நீள அதன் ஆட்டம் மெதுவாகும். லேசரின் துடிப்பையும் கூடவே மெதுவாக்கிக்கொண்டு போனால், ஊஞ்சலைப் பார்த்துப் பார்த்துத் தள்ளுவதுபோல ஆட்டம் ஏறி, கடைசியில் வில் அறுந்துவிடும். திரையில் ஒவ்வொரு தடவையும் அறுந்தது.

"இதை நான் செஞ்சு காட்டறேன்டி" என்றாள் அக்கா, தங்கை இதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்த அன்றைக்கே.

அத்தானுக்கு வேலை வேறு ஊரில். "ரெண்டே வருஷம்" என்று சொல்லிவிட்டு, மகளை அவரிடம் விட்டு இவள் தங்கினாள். இரண்டு வருஷம் ஐந்தாயிற்று. ஒவ்வொரு கண்ணாடியையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி ஒளியைக் கொண்டுவந்தாள். காற்றை உறிஞ்சும் பம்ப் இரைச்சலில் கத்திப் பேசியே தொண்டை கட்டிப்போனது. முதலில் 'எப்பம்மா வருவே?' என்று ஃபோனில் அழுத மகள், இப்போதெல்லாம் 'நல்லா இருக்கீங்களா?' என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

ஒருவழியாக லேசர் சொன்னபடி கேட்டது. மூலக்கூறு கேட்கவில்லை. வெளிச்சத்தை ஏற்றினார்கள். ஒன்றுமில்லை. இன்னும் ஏற்றியபோது, தெறித்து வரும் துண்டுகளின் எடையைக் காட்டும் திரையில் ஒரு முனை எழும்பியது. தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா மட்டும் அந்த முனையையே பார்த்தாள்.

"துண்டு இல்லடி. எடையைப் பாரு. முழுசா அப்படியே இருக்கு. எலக்ட்ரானைத்தான் பிச்சுக்கிட்டுப் போயிருக்கு."

அவ்வளவு வெளிச்சத்தில் பிணைப்பு அறுவதற்கு முன்னாலேயே எலக்ட்ரான் கழன்றுவிடுகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் எதுவுமே நடப்பதில்லை. பல மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தும் இதுதான் கதை.

"என் கணக்குல எலக்ட்ரானே கிடையாதுக்கா" என்றாள் தங்கை ஒரு நாள்.

"தெரியும். கட்டுரையிலயே ஒரு வரி எழுதியிருந்தே. நான் படிச்சேன்."

"படிச்சுமா?"

"நீயும்தான் எழுதினே. எழுதிட்டும் கணக்கை நம்பலையா?"

துறைத் தலைவர் வந்து அறையை வேறு குழுவுக்குக் கொடுத்தாயிற்று என்றார். அதே வாரம் தங்கைக்கு நிரந்தர வேலை உறுதியானது. 'அழகான கணக்கு' என்று தேர்வுக் குழு அந்தக் கட்டுரையைத்தான் புகழ்ந்திருந்தது. அவள் கீழே போனபோது அக்கா கண்ணாடிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை விஷயத்தைச் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷம்டி. அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தங்கைக்கு. உதவலாம் என்று ஒரு கண்ணாடியை எடுத்தாள்.

"விடு. கைரேகை பட்டா போச்சு" என்று அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள்.

அக்கா அத்தானின் ஊருக்கே போய்விட்டாள். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை கிடைத்தது. மகள் அவளோடு ஒட்டவில்லை. தலை பின்னிவிடக்கூட அப்பாவிடம்தான் போனாள். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் தங்கைக்குத் தெரியும். அக்கா ஃபோனில் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவாள்.

ஒரு நாள் அப்படி ஃபோனில் பேசும்போது தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"வேற மூலக்கூறு எடுத்துப் பார்க்கலாம்க்கா. எலக்ட்ரானையும் சேர்த்துப் புதுசா ஒரு கணக்கு போட்டுத் தர்றேன். வருவியா?"

"எதுக்கு?" என்றாள் அக்கா.

அதில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அந்தப் பக்கம் கடையில் யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"வெச்சிடறேன்டி" என்றாள் அக்கா.