விரிசல் விடாத ரோடு

அமரர் ஊர்தி முழுசாக நிற்பதற்குள் அவள் கதவைத் திறந்து குதித்துவிட்டாள்.

"நிறுத்துங்க. யாரைக் கேட்டு இந்த ரோட்டுல கை வெச்சீங்க?"

ஜேசிபி இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. இயந்திரம் இன்னொரு வாய் தாரைக் கடித்து ஓரமாகத் துப்பியது. செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடக்க, அவள் ஓடினாள். வண்டிக்குள் கண்ணாடிப் பெட்டியில் அப்பா படுத்திருந்தார். பதினோரு மணிக்கு மின்மயானத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள். மணி பத்து முப்பத்தைந்து.

"அப்பாவுக்காக ஒரு நாளாவது இப்படி ஓடியிருக்கியாக்கா?" தம்பி வண்டியை விட்டு இறங்காமலே கேட்டான். "ரோடுன்னா மட்டும் கால் தானா வருது."

அவள் திரும்பவில்லை. இது அவள் ரோடு. நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் அவள் வடிவமைத்த முதல் ரோடு. ஒன்பது மழைக்காலம் போயும், ஆஸ்பத்திரிக்குப் போகிற அத்தனை பஸ்ஸும் லாரியும் மிதித்தும், மயிரிழை விரிசல் கிடையாது. புதிதாகச் சேருகிற பொறியாளர்களை இங்கே கூட்டிவந்து காட்டுவார்கள். அவளுக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்ததும் இதே ரோடுதான்.

குடிநீர்க் குழாய் சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டே விவரம் சொன்னான். அடியில் போகிற பெரிய குழாய் வெடித்து, காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். குறுக்கே தோண்டுவதைத் தவிர வழியில்லையாம். பத்து நிமிஷம் கொடுத்தால் பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டு வண்டியைத் தாண்ட விடுவானாம். நியாயம்தான். நியாயமாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பின்னால் வந்த கார்களிலிருந்து நகராட்சியில் அப்பாவோடு வேலை பார்த்த பழைய சகாக்கள் ஒவ்வொருவராக இறங்கி, நிழல் தேடி ஒதுங்கினார்கள். காலையில் வீட்டில் இவர்கள்தான் வரிசையில் நின்று 'தங்கமான மனுஷன்' என்று மூக்கைச் சிந்தியவர்கள். அவளுக்குச் சிரிப்பு வராத குறை. அப்பாவுக்கு 'அரையங்குலம்' என்று பட்டப்பெயர் வைத்ததும் இதே வாய்கள்தானே.

அந்தப் பெயர் வரக் காரணமே அவள்தான். அவள் ரோடு போட்ட அதே வருஷம் போட்ட மார்க்கெட் ரோடு, முதல் மழையிலேயே அப்பளமாகப் பெயர்ந்து போனது. வேலையைப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தவர் அப்பா. விசாரிக்கச் சொல்லி அவள் மேஜைக்கே கோப்பு வந்தது. வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். அவள் தள்ளவில்லை. பதினோரு இடத்தில் ரோட்டை உருளை உருளையாக அறுத்தெடுத்து அளந்தாள். இரண்டு அங்குலம் இருக்க வேண்டிய தார், அரை அங்குலம்கூட முழுசாக இல்லை. அறிக்கையை அதிகாரிகள் முன்னால் அவளே வாசித்தாள். எதிரே அப்பா கைகட்டி நின்றார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. திருடனுக்கு என்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டாள். அன்றோடு அவரிடம் பேசுவதை விட்டாள்.

இத்தனைக்கும் வீட்டில் பெரிய வாத்தியார் மாதிரி நடந்துகொள்வார். அவள் ஆஸ்பத்திரி ரோட்டுக்கு அடிமண் சோதனை செய்துகொண்டிருந்த சமயம், சாப்பிடும்போது, "மண்ணை நாலு நாள் தண்ணியில ஊற வெச்சுத்தானே டெஸ்ட் பண்ணின?" என்று கேட்டார். மழையில் ஊறின பிறகும் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிய வேண்டுமே, அதற்கு. "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையாப்பா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இவர் யார் கேட்க என்று இப்போதும் தோன்றியது.

"மேடம், வெயில்ல நிக்காதீங்க."

கான்ட்ராக்டர். ரோலர் சக்கரம் அளவுக்கு மாலையோடு காலையில் வந்து, பெற்ற பிள்ளைகளைவிடச் சத்தமாக அழுத ஆள். இரண்டு ரோட்டையும் போட்டவன் இவன்தான். கூட்டுக் களவாணிக்குக் கண்ணீர் ஒரு கேடா என்று பள்ளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

திருப்பியவள் அப்படியே நின்றாள்.

மேலே தார். அதன் கீழே ஜல்லி. அதன் கீழே கிராவல். அவள் போட்ட பிளானில் அவ்வளவுதான். அதோடு களிமண் தெரிய வேண்டும். தெரியவில்லை. கிராவலுக்கும் களிமண்ணுக்கும் நடுவே, இறுக்கி அடித்த உடைகல்லும் மணலுமாக இன்னொரு அடுக்கு, ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நீளமாகப் போனது. கைப்பையிலிருந்த டேப்பை எடுத்து, குத்துக்காலிட்டு உள்ளே விட்டாள். சரியாக ஓர் அடி.

"இது என்ன?"

கான்ட்ராக்டர் எட்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"சார் கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையா?"

"நான் அவரோட பேசுறதில்ல."

"அது ஊருக்கே தெரியும் மேடம்." துண்டால் கழுத்தைத் துடைத்தான். "தோண்டின அன்னிக்கு நீங்க சைட்டுல இல்லாத நேரமாப் பார்த்து சார் வந்தாரு. கீழ இருந்து ஒரு பிடி மண்ணெடுத்து, தண்ணி ஊத்திப் பிசைஞ்சு பார்த்தாரு. 'பிளான்ல இருக்கிறதை இந்த மண்ணு தாங்காதுய்யா, இன்னும் ஒரு அடி போடு'ன்னாரு. பிளானை மாத்திக் குடுங்கன்னேன். 'மாத்தினா பொண்ணு தப்பு பண்ணினது வெளிய வந்துடும், வேலைக்கு வந்து ஆறு மாசம்தான் ஆச்சு'ன்னாரு."

"நீங்க சும்மா போட்டுக் குடுத்தீங்களாக்கும்."

"நான் அவ்ளோ நல்லவன் இல்லீங்க. அப்படின்னா மார்க்கெட் ரோட்டுல நீங்க கண்ணை மூடிக்கணும் சார்னு கேட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டான். "மூடிக்கிட்டாரு."

தகடு வந்து இறங்கியது. ஊர்தி ஓட்டுநர் ஒரு தடவை ஹாரன் அடித்தான். மணி பத்தே முக்கால்.

சூப்பர்வைசர் குறிப்பு நோட்டோடு வந்தான். "குழாய் மாத்தினதும் மூடிடுவோம் மேடம். எத்தனை அடுக்கு? பிளான்ல இருக்கிற மாதிரியே போட்டுடலாமா?"

"வேண்டாம்." டேப்பைச் சுருட்டிக் கைப்பையில் போட்டாள். "இப்ப இருக்கிற மாதிரியே போடுங்க."

அவள் பள்ளத்தில் இறங்கி, அடியிலிருந்து ஒரு பிடி களிமண்ணை எடுத்தாள். வெடித்த குழாய் அதை நன்றாக ஊற வைத்திருந்தது. விரலிடுக்கில் கூழாக வழிந்தது. துடைத்துக்கொள்ளாமலே போய் வண்டியில் ஏறி, பெட்டியின் ஓரமாக உட்கார்ந்தாள். கழன்ற செருப்பை எடுத்து வைத்திருந்த தம்பி, அவள் கையைப் பார்த்துவிட்டு அதை அவள் காலடியில் வைத்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மண்ணை அவள் நாலு நாள் ஊற வைக்கவில்லை. நாலு நிமிஷம்கூட வைக்கவில்லை.

தகட்டைத் தாண்டும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அதன் பிறகு ஆஸ்பத்திரி ரோடு முடிகிறவரை, பெட்டி மேலிருந்த மாலையில் ஒரு பூகூட அசையவில்லை.