பத்து நாள் முகாம்

வெள்ளம் வந்த மறுநாள் எங்கள் தெரு முனையில் மருத்துவ முகாம் போட்டார்கள். பதினோராம் நாள் காலையில் அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் என்று உத்தரவாம், முடிந்துவிட்டதாம். என் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் பாதி இல்லை. நாற்காலிகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன.

தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தண்ணீர் முழங்கால் அளவு நின்ற நாளிலிருந்தே வீடு வீடாகப் போய், மல்லாந்து கிடந்த ஃப்ரிட்ஜுகளை நிமிர்த்திக்கொண்டிருந்தான். "கூப்பிடுறாங்கக்கா, போகாம எப்படி?" என்பான். தகரம் கிழித்து முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு வெட்டு. அதில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே சாக்கடைத் தண்ணீரில் இறங்கினான். வாயால் சொன்னால் கேட்கிற ஜென்மமா அது! இப்போது மூன்று நாளாகக் காய்ச்சல். கண் இரண்டும் சிவந்துவிட்டன. கெண்டைக்கால் வலியில் நிற்க முடியவில்லை. காலையில் எழுந்து, சிறுநீரே போகவில்லை என்றான். அப்படியே கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

முகாம் பொறுப்பாளர் எந்நேரமும் கக்கத்தில் ஒரு ஃபைலோடு திரிவார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'ஃபைல்'தான். தம்பியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணிதான் வடிஞ்சிருச்சேம்மா. இனி என்ன? பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எதுல சார் கூட்டிட்டுப் போறது? பஸ்ஸே ஓடல. இந்த வேன் அந்தப் பக்கந்தானே போகுது?"

"சாமான் ஏத்தணும். நாற்காலியெல்லாம் இன்னைக்கே ஒப்படைக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மருந்துப் பெட்டி ஒன்று இன்னும் தரையில் இருந்தது. போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் தையல்காரி, எனக்கு உட்காரக் கற்றுத்தர வேண்டுமா என்ன?

முகாம் நர்ஸம்மாதான் ஓடிவந்து தம்பியின் கண்ணையும் காலையும் பார்த்தாள். "சார், இது எலிக்காய்ச்சல் மாதிரி இருக்கு. எலி மூத்திரம் கலந்த தண்ணி காயம் வழியா உள்ள போயிரும். வெளிய தெரியவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இப்பத்தான் சார் ஆரம்பிக்குது."

அப்படியென்றால் நோய் உள்ளே ஒளிந்திருந்த வரைக்கும் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், அது வெளியே வரும் நாள் பார்த்து மூட்டை கட்டுகிறார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

"ஒருத்தருக்காக எல்லாத்தையும் நிறுத்தி வைக்க முடியுமா?" என்றார் ஃபைல்.

ஒருத்தரா? பெட்டியைவிட்டு இறங்காமலே தொண்டை கிழியக் கத்தினேன். "காய்ச்சலோட கெண்டைக்கால் வலி யாருக்கெல்லாம் இருக்கு? வெளிய வாங்க!"

கதவுகள் திறந்தன. பால் போடுகிறவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு அண்ணி நொண்டிக்கொண்டே வந்தாள். இஸ்திரிக்காரரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். அவர் கண்கள் மஞ்சளாகியிருந்தன.

"நாலு நாளைக்கு முன்னாடியே இங்க வந்தாரு, அக்கா. ரெண்டு மாத்திரையக் குடுத்து அனுப்பிட்டாங்க" என்று அவள் அழுதாள்.

தெரு ஆட்கள் யாரையும் கேட்கவில்லை. வேனில் ஏறி நாற்காலிகளை இறக்கிச் சேற்றிலேயே வைத்தார்கள். "யோவ், சாமான்! சாமான்!" என்று ஃபைல் குதித்தார்.

"நாற்காலிக்குக் காய்ச்சல் வராது சார்" என்றேன். காய்ச்சல்காரர்கள் எல்லோரையும் வேனில் ஏற்றினோம். நர்ஸம்மா முன்னால் ஏறி உட்கார்ந்து டிரைவரிடம் வண்டியைக் கிளப்பச் சொன்னாள்.

தம்பி பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். இஸ்திரிக்காரர் இரண்டாம் நாளே போய்விட்டார்.

நிவாரணப் பணத்துக்காக, வெள்ளத்தில் வந்த நோயால்தான் இறந்தார் என்று எழுதி வாங்க, அவர் மனைவியோடு நானும் ஃபைலின் அலுவலகத்துக்குப் போனேன். முகாம் பதிவேட்டைப் புரட்டி, இஸ்திரிக்காரர் பெயருக்கு நேராக விரலை வைத்துக் காட்டினார். 'குணமடைந்தார்' என்று எழுதியிருந்தது.

"அதை அடிச்சு மாத்தி எழுதுங்க சார்."

"முகாம்தான் முடிஞ்சிருச்சேம்மா. முடிஞ்ச பதிவேட்டுல கை வைக்கக் கூடாது. அவர் குணமானவர்தான்."

இஸ்திரிக்காரர் மனைவி என் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.